சுவரிலுள்ள படமும் நெஞ்சிலுள்ள விக்கிரகமும்

பதுளையிலிருந்து பசறை செல்லும் பாதையோரத் தோட்டங்களில் லயத்துக் காம்பரா ஒன்றினுள் குனிந்து நுழைவோமாயின், அடுப்புப் புகையாற் கறுத்த சுவரில் மாரியம்மனும், வேளாங்கண்ணி மாதாவும், பழைய கலண்டரிலிருந்து கத்தரித்தெடுத்த இயேசுநாதரும் ஒரே பலகையின்மேல் வீற்றிருக்க, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த தாய் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மூவருக்கும் பொதுவாக ஒரு விளக்கேற்றுவதைக் காணலாம். புதிதாகச் சபையொன்றிற் சேர்ந்த மகன், “இதெல்லாம் விக்கிரகம்மா, கழட்டிப் போட்டுருவோம்” என்பானாயின், அன்றிரவு அந்த வீட்டில் அடுப்பெரிவதும் கடினமே.

இவ்வழக்கு ஜெர்மனியில் ஒரு நகரத்தையே கலக்கியதுண்டு. 1522-இன் தொடக்கத்தில், கார்ல்ஸ்டட் என்னும் குருவின் போதனையால் விட்டன்பர்க் மக்கள் தேவாலயச் சொரூபங்களைத் தகர்க்கத் தலைப்பட்டபோது, கோட்டையொன்றில் மறைந்திருந்த மார்ட்டின் லுத்தர் மார்ச் மாதம் ஊர் திரும்பி, எட்டு நாள் தொடர்ந்து பிரசங்கித்து அக்கலகத்தை அடக்கினார். சொரூபங்களை ஆராதிப்பதை அவர் ஒருபோதும் ஏற்கவில்லை. சொரூபம் செய்து கொடுத்தால் புண்ணியம் கிட்டும் என்ற எண்ணத்தையே மிகப் பெரிய தீங்கென்றார். ஆயினும் உபதேசத்தால் உள்ளம் விடுதலையடையுமுன் கையாற் பிம்பத்தை உடைப்பது, விக்கிரகத்தை நெஞ்சில் முன்னிலும் உறுதியாக நாட்டிவிடும் என்பது அவர் துணிபு. மோசே செய்த வெண்கலச் சர்ப்பம் நெடுங்காலம் குற்றமின்றி நின்றதையும், ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டத் தொடங்கிய பின்னரே எசேக்கியா அரசன் அதை உடைத்ததையும் அவர் எடுத்துக்காட்டினார்.

சூரிச் நகரத்துச் சீர்திருத்தக்காரரோ 1524-இல் தேவாலயங்களிலிருந்து சொரூபங்களை முற்றாக அகற்றினர். இலங்கைக் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தரின் திருச்சபையும் அம்மரபினதே. அவர்களுக்குச் சொரூபத் தடை தனியான இரண்டாம் கட்டளை. லுத்தரின் ஞானோபதேசத்திலோ அது முதற் கட்டளைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது; தடை ஆராதனைக்கே, சித்திரத்துக்கன்று. அதனால் விட்டன்பர்க் தேவாலயத்தில் 1547-இல் கிரனாக் குடும்பத்தார் தீட்டிய பலிபீடச் சித்திரத்திலே, ஒருபுறம் சபையார் இருக்க, மறுபுறம் பிரசங்கபீடத்தில் நிற்கும் லுத்தர், நடுவே சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவைக் கைநீட்டிச் சுட்டுகிறார். சித்திரம் அங்கே பார்த்துக் கற்பதற்குரியது, கும்பிடுவதற்கன்று.

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவின் வழியாகத் தமிழகத்தில் வேரூன்றிய இந்த லுத்தரன் மரபுக்கு, மலையகத் தோட்டத் தமிழரிடையே இன்றும் ஒரு சிறு திருச்சபை உண்டு. இம்மலைகளில் ஆலைச் சக்கரம் கையைக் கவ்வாதிருக்க ரோதைமுனியையும், கவ்வாத்துக் கத்தி காலில் விழாதிருக்கக் கவ்வாத்துச் சாமியையும் வேண்டி வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு முதற் கட்டளைக்கு லுத்தர் 1529-இல் தந்த விளக்கம் எளிதிற் புரியும் என்று கருதுகிறேன்: ஆபத்தில் எதனிடம் ஓடி அடைக்கலம் புகுகிறோமோ, எதனிடமிருந்து சகல நன்மையையும் எதிர்பார்க்கிறோமோ, அதுவே நமது தெய்வம். உலகில் மிகப் பரவலான விக்கிரகமென்று அவர் சுட்டியது கல்லையன்று, பணத்தை. ஆலை முனிக்கு இட்ட பொட்டையும் அவர் ஏற்கமாட்டார். ஆனால் அதை அழித்தவுடன் சக்கரத்தைப் பற்றிய அச்சம் அழிந்துவிடுமென்று நம்பவும் மாட்டார்.

ஆகையால், படத்தைக் கழற்றக் கைநீட்டும் தம்பிமாரே, முதலில் அம்மாவின் அருகே உட்கார்ந்து, அந்த விளக்கை அவர் எந்தப் பயத்துக்காக ஏற்றுகிறார் என்று கேளுங்கள்.