குடியை விட விழைவார் கூட்டம்

திருச்சிராப்பள்ளிக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே அமைந்த குளத்தூர் போன்ற சிற்றூரில் ஒருவன் குடியை விட எண்ணுவானாயின், அவனை முதற்கண் தடுப்பது நாணமேயாம். அவன் குடிப்பதை ஊர் முன்னரே அறியும். விட முயல்வதை மட்டும் மறைக்க விரும்புகின்றான். என்னே விந்தை!

இந்நாணத்திற்கு இடங்கொடாது நடப்பதே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் கூட்டம். 1935-ஆம் ஆண்டில், வணிகம் கைகூடாது அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தனித்திருந்த பில் வில்சன் என்பார், குடிவேட்கை மீண்டும் எழக்கண்டு, மதுக்கடை புகாது, தம்மைப்போன்ற மற்றொரு குடியரைத் தேடினார். அங்ஙனம் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்னும் மருத்துவர். அறிவுரைகட்கு மசியாத அவர், தம் நோயையே உடையார் ஒருவர் பேசவே செவிசாய்த்தார். அவர் இறுதியாகக் குடித்த ஜூன் 10 இச்சங்கத்தின் பிறந்தநாளாகக் கொள்ளப்படுகின்றது. நம் நாட்டிற்கு இது 1957-இல் வந்தது.

சேரக் கட்டணமில்லை, குடியை விடும் விருப்பமொன்றே வேண்டுவது. முழுப்பெயர் கூறவேண்டா. பேச மனமில்லார் வாளா கேட்டிருக்கலாம். அங்குக் கேட்டதை வெளியே உரையாமை மரபு. திறந்த கூட்டங்களில் மனைவியும் நண்பரும் உடனிருக்கலாம். குடும்பத்தார்க்கென ‘அல்-அனான்’ என்னும் தனிக்கூட்டமும் உண்டு. தன்னூரில் நாணுவோன் அயலூர்க் கூட்டத்திற்குப் பேருந்தேறலாமே!

உதவி வேண்டுவோர் 14446 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணையோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ வினவுக. நெடுநாள் மிகக் குடித்தவன் திடீரென நிறுத்துங்கால் நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் நேர்ந்து உயிர்க்கே ஊறு விளைதல் கூடும். ஆதலின் அத்தகையோன் முதலில் மருத்துவரையே காணல் வேண்டும். கூட்டத்தில் முதல்நாள் ஒன்றும் விளங்காதிருத்தல் இயல்பே, மறுவாரமும் செல்க.