எண்ணெய்க் கடனுக்குக் கப்பலைப் பிடிக்க முடியுமா?

2014 நவம்பரில் டென்மார்க்கின் ஓ.டபிள்யூ. பங்கர் நிறுவனம் திவாலானது. கப்பல்களுக்கு எரிபொருள் விற்பதில் உலகின் முன்னணி நிறுவனங்களுள் ஒன்று அது. விழுந்த வேகத்தில் கப்பல் உரிமையாளர்கள் விழிபிதுங்கினார்கள். ஒரே எண்ணெய்க்கு இரண்டு பேர் பணம் கேட்டார்கள். ஓ.டபிள்யூ.வுக்கு வரவேண்டிய பாக்கி தனக்கே உரியது என்றது அதற்குக் கடன் கொடுத்த ஐஎன்ஜி வங்கி. டாங்கியை நிரப்பியது நாங்கள் என்றார்கள் உள்ளூர் விநியோகஸ்தர்கள். யாருக்குக் கொடுக்காமல் விட்டாலும் அடுத்த துறைமுகத்தில் கப்பல் பிடிபடலாம்.

ஆளை விட்டுவிட்டுக் கப்பலை ஏன் பிடிக்க வேண்டும்? பல கப்பல்களில் ஒவ்வொன்றின் உரிமையாளரும் பனாமாவிலோ லைபீரியாவிலோ பதிவான, அந்த ஒரு கப்பலைத் தவிரச் சொத்தே இல்லாத நிறுவனம். கப்பல் கிளம்பிவிட்டால் கடனும் கூடவே போய்விடும். அதனால்தான் கப்பல் வழக்குகளுக்கான அட்மிரால்டி சட்டம் கப்பலையே பிரதிவாதி ஆக்குகிறது.

இந்தியாவில் 2017-இல் இயற்றப்பட்ட அட்மிரால்டி சட்டம் 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. சென்னை, மும்பை, கொல்கத்தா உள்ளிட்ட குறிப்பிட்ட உயர் நீதிமன்றங்களுக்குக் கப்பலைப் பிடிக்க ஆணையிடும் அதிகாரம் உண்டு. வழக்குத் தொடுக்கத்தக்க கோரிக்கைகளின் பட்டியலில் கப்பல் எரிபொருளும் இருக்கிறது. பில்லையும், கப்பலின் தலைமைப் பொறியாளர் கையெழுத்திட்ட எண்ணெய் விநியோகச் சீட்டையும் காட்டி மனு செய்யலாம். நீதிபதி திருப்தியடைந்தால் சிறைபிடிப்பு ஆணை பிறப்பிப்பார். அது துறைமுகத்துக்கும் சுங்கத்துறைக்கும் போய்ச் சேர்ந்தால் கப்பல் நகர முடியாது. உரிமையாளர் வங்கி உத்தரவாதம் கொடுத்தால் கப்பல் விடுபடும். வழக்கு அந்த உத்தரவாதத்தின் மீது தொடரும். கொடுக்காவிட்டால் கப்பலை நீதிமன்றம் ஏலம் விடலாம்.

ஆனால் எண்ணெயை வாங்கியது யார் என்பதில்தான் சிக்கல். குறிப்பிட்ட காலத்துக்குக் கப்பலை வாடகைக்கு எடுப்பவர்தான் வழக்கமாக எரிபொருளும் வாங்குகிறார். அவர் பணம் கட்டாமல் போனால், அந்தக் கடனுக்கு உரிமையாளரின் கப்பலைப் பிடிப்பது இந்தியாவில் கடினம். கடனுக்கு உரிமையாளரோ, கப்பலை முழுப்பொறுப்பில் எடுத்து நடத்துபவரோ பொறுப்பாக வேண்டும் என்கிறது சட்டத்தின் 5-ஆம் பிரிவு. அமெரிக்காவில் கதை வேறு. அங்கே எரிபொருள் விற்றவருக்குக் கப்பலின் மேலேயே பற்றுரிமை, அதாவது கடனுக்காகக் கப்பலைப் பற்றும் உரிமை, உண்டு. வாடகைக்கு எடுத்தவருக்கும் ஆர்டர் கொடுக்கும் அதிகாரம் இருப்பதாகச் சட்டம் அனுமானிக்கிறது. ஆக, கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து விற்றவரின் பலம் மாறுகிறது.

ஓ.டபிள்யூ. விவகாரத்தில் ‘ரெஸ் காஜிட்டன்ஸ்’ என்ற கப்பலின் வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. கருங்கடல் ஓரத்துத் துவாப்சே துறைமுகத்தில் நிரப்பிய எண்ணெயை ஓ.டபிள்யூ.வுக்கு விற்ற நிறுவனத்துக்குப் பணம் வந்துசேரவில்லை; அதற்காக ஓ.டபிள்யூ.வுக்குத் தரவேண்டியதைக் கப்பல்காரர் தராமலிருக்க முடியாது என்று 2016 மே மாதம் தீர்ப்பு வந்தது.

கப்பல் ஏலத்துக்கே போய்விட்டால் எண்ணெய் வியாபாரி வரிசையின் கடைசியில் நிற்பார். இந்தியச் சட்டத்தில் மாலுமிகளின் சம்பளம், துறைமுகக் கட்டணம் போன்ற பற்றுரிமைகள் முதலில். பதிவு செய்த அடமானம் அடுத்து. எரிபொருள் பாக்கி அதற்கும் பிறகு. ஓடும் கப்பலின் உரிமையாளரை உத்தரவாதம் கொடுக்கவைக்கச் சிறைபிடிப்பு வலுவான வழி. அந்த உரிமையாளரே நொடித்துப்போய்விட்டால், கப்பல் கையில் சிக்கியும் பணம் கிடைக்காமல் போகலாம்.