காது அடைக்கும் மலைப்பாதை

திருத்தணி முருகனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே திருப்பதிக்கும் போய்வருவது சென்னைப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றின் வழக்கம். இரண்டு ஊருக்கும் இடையே 70 கிலோமீட்டர்கூட இல்லை. திருத்தணியில் 365 படிகள் ஏறும்போது மூச்சு வாங்கும், முழங்கால் கெஞ்சும். காது ஒன்றும் சொல்லாது. திருமலைப் பேருந்திலோ வளைவுகள் கடக்கக் கடக்கக் காது கும்மென்று அடைத்துக்கொள்ளும். பக்கத்து இருக்கையில் பேசுவதுகூட எங்கோ தொலைவில் கேட்கும். எச்சில் விழுங்கினால் 'டப்'பென்று திறக்கும்.

அடைத்திருந்த அந்தச் சில நிமிடங்களில் நம் செவிப்பறையின் ஒலி எதிர்ப்பு கூடிவிட்டது. மருத்துவமனைகளில் 'இம்பீடன்ஸ் டெஸ்ட்' என்று எழுதித் தருகிறார்களே, அது அளப்பது இதைத்தான்.

ஒலி வந்து மோதும்போது ஒரு பொருள் அசைந்துகொடுக்க எவ்வளவு மறுக்கிறது என்பதே ஒலி எதிர்ப்பு. பொருளின் அடர்த்தியையும் அதற்குள் ஒலி செல்லும் வேகத்தையும் பெருக்கினால் அதன் அளவு கிடைத்துவிடும். ராலே பிரபுவின் பெயரால் இதன் அலகு 'ரேல்'. காற்றுக்கு ஏறத்தாழ 415 ரேல். தண்ணீருக்கு 15 லட்சத்தை நெருங்கும். இரண்டு பொருள்களின் எதிர்ப்பு இப்படி எட்டாத தூரத்தில் இருந்தால், ஒலி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் நுழையாது. காற்றில் வரும் ஒலியில் 99.9 சதவீதம் தண்ணீரின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது.

நம் உள்காதில் இருப்பதும் திரவம்தான். அப்படியானால் நமக்கு எப்படிக் காது கேட்கிறது? விடை நடுச்செவியில் இருக்கிறது. செவிப்பறையின் அதிரும் பரப்பு சுமார் 55 சதுர மில்லிமீட்டர். அதிலிருந்து சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று குட்டி எலும்புகள் வழியே அதிர்வு போய்ச் சேரும் இடமோ 3.2 சதுர மில்லிமீட்டர். பெரிய பரப்பில் விழுந்த விசை சிறிய பரப்பில் குவிகிறது. எலும்புகளின் நெம்புகோல் அமைப்பும் சேர, அழுத்தம் 20 மடங்குக்கு மேல் பெருகுகிறது. எல்லையில் இழக்க வேண்டிய 30 டெசிபலில் பெரும்பகுதியை இந்த அமைப்பு மீட்டுத் தருகிறது. உடம்பில் இதைவிட நேர்த்தியான இயந்திரம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

நாதஸ்வரத்தின் அடியில் விரியும் அணசும் இதே சிக்கலைத்தான் தீர்க்கிறது. காற்று ஒன்றே ஆனாலும், குறுகிய குழலுக்குள் அதன் எதிர்ப்பு அதிகம், திறந்த வெளியில் குறைவு. விரிந்த வாய் இரண்டையும் படிப்படியாக இணைத்துவிடுகிறது. இயற்பியலர் ஆர்தர் கார்டன் வெப்ஸ்டர் 1919இல் ஒலி எதிர்ப்பைப் பற்றி வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையும் ஊதுகுழல்களையும் போனோகிராஃபையும் பற்றியதுதான்.

ஸ்கேன் அறையில் வயிற்றின்மேல் சில்லென்று தடவும் ஜெல்லுக்கும் காரணம் இதுவே. கருவிக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய காற்றுப்படலம் இருந்தாலும் போதும், மீயொலி அங்கேயே திரும்பிவிடும். திரையில் ஒன்றும் தெரியாது. ஜெல் அந்தக் காற்றை விரட்டுகிறது. உள்ளே போன ஒலி, கொழுப்பும் தசையும் சேரும் எல்லையில் ஒரு சதவீத அளவுக்கே எதிரொலிக்கிறது. தசையும் எலும்பும் சேரும் இடத்தில் 40 சதவீதம். திரும்பி வரும் இந்த எதிரொலிகளைக் கோத்துத்தான் கருவிலிருக்கும் குழந்தையின் படம் உருவாகிறது.

காதுக்கு வருவோம். நோயுற்ற காதுகளின் ஒலி எதிர்ப்பை முறையாக அளந்து 1946இல் ஆய்வேடு வெளியிட்டவர் டென்மார்க்கின் ஓட்டோ மெட்ஸ். அவருடைய கருவி கையாளக் கடினமானது. பின்னர் அதே நாட்டின் க்னுட் டெர்கில்ட்சன் முதலியோர் அதை எளிதாக்க, 1970இல் அமெரிக்கர் ஜேம்ஸ் ஜெர்கர் முடிவுகளை ஏ, பி, சி என்று வகைப்படுத்தினார். இன்றும் ஆடியாலஜிஸ்டுகள் அதே எழுத்துகளில்தான் எழுதுகிறார்கள்.

சோதனையில் வலி இல்லை. ரப்பர் முனை ஒன்று காதுத்துளையை அடைக்கிறது. அதற்குள் ஒரு சிறு ஒலிபெருக்கி, ஒரு மைக், ஒரு காற்றுக்குழாய். 226 ஹெர்ட்ஸில் ஒரே சீராக ஒலி எழும். கடல்மட்டத்தில் ஒரு மில்லிலிட்டர் காற்று எவ்வளவு அசைந்துகொடுக்கிறதோ, அது இந்த அதிர்வெண்ணில் சரியாக ஓர் அலகாக வருவதால் இந்த எண்ணைத் தேர்ந்தார்கள். கைக்குழந்தைகளின் காதுக்குழாய் மிருதுவானது என்பதால், முதல் ஆறு மாதம்வரை 1000 ஹெர்ட்ஸ். ஒலி எழும்போதே, காதுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் கருவி +200இலிருந்து −400 டெக்காபாஸ்கல்வரை மாற்றுகிறது. செவிப்பறை விறைத்தால் ஒலி அதிகமாகத் திரும்பும். தளர்ந்தால் உள்ளே போகும். இருபுறமும் அழுத்தம் சமமாகும் இடத்தில் வரைபடம் கூம்பாக எழும்.

இனி மலைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். படிக்கு அரையடி என்றால் திருத்தணியின் 365 படிகள் சுமார் 55 மீட்டர் உயரம். அந்த ஏற்றத்தில் காற்றழுத்தம் 65 டெக்காபாஸ்கல் அளவே குறையும். கூம்பு −100ஐத் தாண்டி இடப்பக்கம் நகர்ந்தால்தான் ஜெர்கரின் சி வகை. திருப்பதிக்கும் திருமலைக்கும் இடையே 700 மீட்டர் உயரம். அழுத்த வேறுபாடு 800 டெக்காபாஸ்கல். சோதனைக் கருவி இறங்கும் −400ஐப்போல் இரு மடங்கு. மூக்கின் பின்புறத்துக்கும் நடுச்செவிக்கும் இடையிலுள்ள யூஸ்டேஷியன் குழல் திறந்து சரிசெய்யாவிட்டால், மலையிறங்கும்போது செவிப்பறை உள்நோக்கி இழுபடும். சளி பிடித்தவர்கள் இறங்குகையில் படும் அவதி இதுதான்.

குழந்தைகளுக்கு அந்தக் குழல் குட்டையானது, கிடைமட்டமானது, அடிக்கடி அடைபடும். அப்போது நடுச்செவியில் நீர் கோக்கும். வலியும் இருக்காது, சீழும் வடியாது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஒன்றும் புலப்படாமலும் போகலாம். ஆனால் 20, 30 டெசிபல் கேட்கும் திறன் குறைந்திருக்கும். கூம்பே எழாமல் தட்டையாக ஓடும் பி வகைக் கோடு இதைக் காட்டிக்கொடுத்துவிடும். கோடு தட்டையாக இருந்து, காதின் கொள்ளளவு மட்டும் அதிகமாகக் காட்டினால், செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்குள் நீர் தானாகவே வற்றிவிடும். வற்றாதவர்களைத்தான் விட்டுவிடக் கூடாது. பேச்சும் எழுத்தும் படியும் வயது அது. காய்ச்சிய எண்ணெயை ஊற்றுவதால் பயனில்லை. நீர் செவிப்பறைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஓட்டை இருந்தால் எண்ணெய் கெடுதலையே செய்யும்.

தேசிய காது கேளாமை தடுப்புத் திட்டம் 2007 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பட்டியலிலும் நடுச்செவி அழற்சி இருக்கிறது. இம்பீடன்ஸ் டெஸ்ட் எடுக்கும் கருவியான டிம்பனோமீட்டர் இப்போது கையடக்கமாகவே கிடைக்கிறது. ஒரு காதுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. திருத்தணி போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளிலும், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவின் பையிலும் அது இருக்க வேண்டும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளை கூப்பிட்டால் திரும்பவில்லையா, டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறதா, வகுப்பில் கவனமில்லை என்று ஆசிரியர் சொல்கிறாரா? அதட்டுவதற்கு முன், காது மருத்துவரிடம் அழைத்துப்போய் இம்பீடன்ஸ் டெஸ்ட் எடுத்துப் பாருங்கள்.