நான்காம் நிலையின் நற்பணி

திண்மம், திரவம், வாயு என்னும் மூன்று நிலைகளை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். நான்காவதாகவும் ஒரு நிலை உண்டு. வாயுவுக்கு மிகுந்த ஆற்றலைக் கொடுத்தால், அதன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிகின்றன. அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த இந்நிலைக்கு 1928-ஆம் ஆண்டில் 'பிளாஸ்மா' எனப் பெயரிட்டவர் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர். மின்னலும் கதிரவனும் பிளாஸ்மாவே. அதே பிளாஸ்மா இன்று தொழிற்சாலைகளில் வர்ணம் பூசத் துணைபுரிகிறது என்றால் வியப்பாக இல்லையா?

பாலிதீன் பையின்மீது ஒரு துளி நீரை விட்டுப் பார்ப்போம். அது பரவாமல் முத்துப்போல் திரண்டு நிற்கும். நீர் பரவாத இத்தகைய பரப்பில் மையும் வர்ணமும் பசையும் நன்கு ஒட்டுவதில்லை. ஒட்டச் செய்வதற்காக ரசாயனக் கரைப்பான்களைப் பூசும் வழக்கம் உண்டு. அவற்றின் ஆவி தொழிலாளரின் உடல்நலத்தைக் கெடுக்கும், காற்றையும் மாசுபடுத்தும்.

பிளாஸ்மா இவ்வேலையைக் கரைப்பானின்றிச் செய்கிறது. பரப்பிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கை அகற்றி, மேற்பரப்பு மூலக்கூறுகளுடன் ஆக்சிஜனை இணைக்கிறது. பிறகு நீர் அதன்மீது பரவுகிறது, வர்ணமும் ஒட்டுகிறது. மிக மெல்லிய மேற்படலம் மட்டுமே மாறுவதால் பொருளின் உறுதி குறைவதில்லை.

குழல்விளக்கினுள் இருப்பதுபோல் வாயுவின் அழுத்தம் குறைவாக இருந்தால் பிளாஸ்மாவை எளிதில் உண்டாக்கலாம். ஆனால், பெரிய பொருள்களுக்கெல்லாம் வெற்றிட அறை கட்ட முடியுமா? திறந்த காற்றில் 1 செ.மீ. இடைவெளியில் மின்பொறி தாவ ஏறத்தாழ 30,000 வோல்ட் தேவை. தாவிய பொறியும் பொருளைச் சுட்டுவிடும். இதற்கு வழிகாட்டியது ஜெர்மானியர் வெர்னர் சீமென்ஸ் 1857-இல் ஓசோன் தயாரிக்கக் கையாண்ட முறை. மின்வாய்களுக்கிடையே கண்ணாடியை வைத்தால் பொறி பெருந்தீயாக வளராது. அவ்வாறு கட்டுப்படுத்திய மின்வெளியின் ஊடே வாயுவை வேகமாகச் செலுத்தினால், குழல்முனையிலிருந்து பிளாஸ்மா தாரையாக வெளிவரும். எலக்ட்ரான்கள் பல்லாயிரம் டிகிரி வெப்பநிலையில் இருந்தும் தாரை அவ்வளவாகச் சுடுவதில்லை. யானைமேல் கடுகை எறிந்தாற்போல, இலேசான எலக்ட்ரான் மோதுவதால் கனமான மூலக்கூறு அதிகம் அசைவதில்லை.

தாரையோ குறுகியது; பரப்போ பெரியது. என்ன செய்வது? நாமே கணக்கிடுவோம். 1 செ.மீ. அகலமுள்ள தாரை 1 சதுர மீட்டரை முடிக்க 100 மீட்டர் தூரம் நகர வேண்டும். 20 தாரைகளை வரிசையாக அமைத்தால் 5 மீட்டர் போதும். சுழலும் குழல்முனைகளும் இயந்திரக் கைகளும் இதற்கு உதவுகின்றன. ஆனால், நெருங்கிய தாரைகள் ஒன்றையொன்று பாதிக்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் படச் செய்வதே பொறியியலாரின் பெருஞ்சவால்.

நம் நாட்டிலும் இத்துறையில் பணி நடந்துள்ளது. அங்கோரா முயலின் உரோமம் வழுவழுப்பானது, நூற்கும்போது நழுவும். காந்திநகரிலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தார், வெற்றிடமின்றிக் காற்றிலேயே உண்டாக்கிய பிளாஸ்மாவால் அதன் வழுக்கலைக் குறைத்து, நூற்க ஏற்றதாக்கினர்.

இம்முறைக்கும் குறைகள் உண்டு. பிளாஸ்மாவின் பயன் நாளடைவில் மங்குவதால் விரைவில் வர்ணம் பூசிவிட வேண்டும். அப்போது உண்டாகும் ஓசோன் நச்சுத்தன்மை உடையது. அதை உறிஞ்சி வெளியேற்றுவது அவசியம்.

மின்னலைக் கண்டு அஞ்சிய மனிதன், அதன் இனத்தைச் சேர்ந்த பிளாஸ்மாவை இன்று தூரிகைபோல் கையாளுகிறான். இறைவன் தந்த இயற்கையின் ஆற்றலை, உழைப்போரின் நலம் காக்கும் வகையில் பயன்படுத்த நாமும் அறிவியலைக் கருத்துடன் கற்போமாக!