கதவிடுக்கும் கைவிரலும்

காணியை விட்டு வந்தபின் நம்மவர் பலர் அரிசி ஆலைகளிலும் களஞ்சியங்களிலும் நாட்கூலிக்குப் போகிறார்கள். மண்வெட்டி வெட்டும், அரிவாள் அறுக்கும் என்பது நமக்குச் சிறுவயதிலேயே தெரியும். கதவைப்பற்றி எவரும் சொல்லித் தருவதில்லை. மீண்டும் வயலில் இறங்கவேண்டிய கைக்கு ஒரு விரல்நுனி போவதும் பெரிய இழப்பே.

கதவில் மிக ஆபத்தான இடம் பிணைச்சல் உள்ள பக்கம். பாக்குவெட்டியைப் பாருங்கள். பிடியை மெல்ல அமர்த்தினாலே உள்ளே இருக்கும் பாக்கு இரண்டாகிறது. அதுபோலவே, கைபிடியை ஒருவர் மெதுவாகத் தள்ளினாலும் பிணைச்சல் இடுக்கில் அகப்பட்ட விரல் பலமடங்கு விசையில் நசிகிறது. மூட்டையோடு களைத்து நிற்கும்போது நிலையைப் பிடிக்கும் பழக்கத்தை நாம் விடவேண்டும். பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டி, கதவிலும் நிலையிலும் தளர்வாக ஆணியடித்து அந்த இடுக்கை மறைக்கலாம். செலவு ஆணிக்கு மட்டுமே!

கைபிடி நிலையோடு ஒட்டியிருந்தால் மூடும்போது விரல்மொளி அடிபடும். பொத்திய கை தாராளமாகப் போய்வர இடம் விட்டுப் பொருத்தும்படி தச்சரிடம் கேட்போம். சோளகம் வீசும் மாதங்களில் கதவு அறைந்து மூடும். திறந்த கதவைச் சுவரோடு கொளுக்கியிட்டு வைப்பது நல்லது.

சில தொழிற்சாலைகளில் கதவைத் தானாக மூடும் கருவி மேலே பூட்டப்பட்டிருக்கும். அதனுள் ஸ்பிரிங் கதவை இழுக்கும், ஒயில் வேகத்தை அடக்கும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கச் சிறு திருகாணிகள் உண்டு. பழகியவர் சிறிது சிறிதாகவே திருப்பவேண்டும். முழுதும் கழன்றால் ஒயில் வெளியேறிவிடும். ஒயில் கசியும் கருவியை மாற்றும்படி பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

விரல் நசிந்தால் வீங்குமுன் மோதிரத்தைக் கழற்றுங்கள். சுத்தமான நீரில் கழுவி, துணியால் அமர்த்தி, கையை உயர்த்திப் பிடித்தபடி வைத்தியசாலைக்குப் போகவேண்டும். ஏற்பு ஊசி பற்றியும் கேளுங்கள். நுனி துண்டானால் அதை ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ்மேல் வைத்துக் கொண்டுபோங்கள். ஐஸ் நேரே தசையில் படக்கூடாது.

வேலையில் விரல் இழந்தவருக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே விபத்து நடந்த நாள், நேரம், கண்டவர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி, வைத்தியசாலைத் துண்டோடு பத்திரப்படுத்துங்கள்.