முயலகன் நோய்

தமிழ் கற்பிப்போர்க்கு ‘முயலகன்’ புதிய சொல்லன்று. ஆடவல்லான் திருவடியின்கீழ் மிதியுண்டு கிடப்பவன் அவன். வடநூலார் அவனை அபஸ்மாரன் என்பர். வலிப்பு நோய்க்கும் இவ்விரு பெயர்களும் உள. கொல்லி மழவன் மகளுக்குற்ற முயலகனைத் திருஞானசம்பந்தர் தீர்த்தருளிய வரலாற்றைப் பெரியபுராணத்திற் பலமுறை பாடஞ் சொல்லியிருக்கிறேன். ஆயினும், அந்நோய் என் வகுப்பறைக்குள் வந்தபோது யாதும் அறியாதவனாய் நின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், வத்தேகமவை அடுத்த தேயிலைத் தோட்டத்து மாணவியொருத்தி பாடத்தின் நடுவே விழுந்து துடித்தாள். பதறிய நான் திறப்புக் கோவையை அவள் கையிலே திணித்தேன். பற்களிடையே அடிமட்டத்தைச் செலுத்தவும் முயன்றேன். இரண்டும் பிழை. முன்னது பயனற்றது, பின்னது பல்லை உடைக்கவும் மூச்சை அடைக்கவும் வல்லது.

அதன்பின் அவள் பள்ளிக்கு வரவில்லை. லயத்துக்குச் சென்று வினவினேன். “வெளிய தெரிஞ்சா இவள யாருங்க ஐயா கட்டுவாங்க?” என்று தந்தை தலைகவிழ்ந்தார். ஒருவாறு இணங்கச் செய்து, இருவரையும் புகையிரதத்திற் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றேன்.

வைத்தியர் பொறுமையோடு விளக்கினார். மூளையின் கலங்கள் நுண்ணிய மின்விசையால் ஒன்றோடொன்று தொடர்பு கொள்கின்றன. அவ்விசை கட்டுமீறி எழுவதே வலிப்பு. அது பேயுமன்று, தொற்றுமன்று. மூளையே இதன் பிறப்பிடமென்று கிரேக்க மருத்துவ நூலொன்று ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்னரே கூறியது. மனித மூளையின் மின்னலைகளை வரைந்து காட்டும் முறையை ஜெர்மானியரான ஹான்ஸ் பெர்கர் 1929இல் வெளியிட்டார். பீனோபார்பிட்டோன் என்னும் மருந்தோ 1912 முதலே வழக்கிலுள்ளது. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இந்நோயுடையர். தக்க சிகிச்சை பெற்றால் அவர்களுள் 100க்கு 70 பேர்வரை வலிப்பின்றி வாழலாமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. நம் நாட்டு அரசினர் வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசம்.

மாணவி மீண்டும் பள்ளிக்கு வந்தாள். ஆறு திங்கள் வலிப்பில்லை. ‘குணமாயிற்று’ என்றெண்ணி வீட்டார் மாத்திரையை நிறுத்தினர், வலிப்பு திரும்பிற்று. வைத்தியர் சொல்லாமல் மருந்தை நிறுத்தலாகாதென்பதை அன்றே நாங்கள் கற்றோம். பின்னர் அவள் ஒருவேளையும் தவறவிடவில்லை. சாதாரண தரப் பரீட்சையிற் சித்தியும் எய்தினாள்.

இப்பொழுது கொல்லி மழவன் மகள் கதையைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்க்கு இதனையும் சொல்கிறேன்: விழுந்தவரை அழுத்திப் பிடியாதீர், அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றுங்கள், கழுத்துடையைத் தளர்த்துங்கள், துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துக் கிடத்துங்கள், வாயில் எதனையும் இடாதீர். ஐந்து நிமிடங் கடந்தும் அடங்காவிடின் வைத்தியசாலைக்கு விரையுங்கள். தெளிந்தெழுந்தவர் மறுநாள் வகுப்புக்கு வரும்போது, நேற்றுப்போலவே அவரருகில் அமருங்கள்.