ஒரே ஜி.பி.க்கு ரெண்டு பில்லா? நெட் நியூட்ராலிட்டியும் உங்க ரீசார்ஜ் செலவும்

இன்னைக்கு ஒரு பழைய கணக்கோட ஆரம்பிக்கலாம்.

2014 டிசம்பர்ல ஏர்டெல் ஒரு புது ரேட் அறிவிச்சாங்க. டேட்டா பேக் போட்டிருந்தாலும் ஸ்கைப், வைபர் மாதிரி ஆப்ல பேசினா அது பேக்ல சேராது. 3ஜில 10 கே.பி.க்கு 4 பைசா, 2ஜில 10 கே.பி.க்கு 10 பைசா. 4 பைசான்னு படிக்கும்போது சில்லறை மாதிரி தெரியும். ஆனா பெருக்கிப் பாருங்க. 3ஜில ஒரு எம்.பி.க்கு 4 ரூபாய், ஒரு ஜி.பி.க்கு 4,000 ரூபாய்க்கு மேல. ஆப் காலுக்கு நிமிஷத்துக்கு அரை எம்.பி. ஆகும்னு வச்சுக்கிட்டா, துபாய்ல இருக்கிற அண்ணன்கிட்ட பத்து நிமிஷம் பேச 20 ரூபாய். 2ஜில 50 ரூபாய்.

இதுல முக்கியமான விஷயம் விலை இல்ல. அதே போன்ல, அதே பேக்ல, அதே ஒரு எம்.பி. டேட்டாவை பிரவுசிங்குக்குப் பயன்படுத்தினா ஒரு ரேட், பேசுறதுக்குப் பயன்படுத்தினா வேற ரேட். ஈ.பி. மீட்டர் நீங்க மிக்ஸி ஓட்டுறீங்களா, டி.வி. பார்க்குறீங்களா, அது எந்த கம்பெனி மிக்ஸின்னு எல்லாம் கேட்குறது இல்லையே? ஓடின யூனிட்டுக்குத்தான் காசு. இணையத்துலயும் அப்படித்தான் இருக்கணும்னு சொல்றதுதான் நெட் நியூட்ராலிட்டி. எதிர்ப்பு கிளம்பினதும் சில நாள்லயே அந்த ரேட்டை வாபஸ் வாங்கிட்டாங்க.

இலவசம்னா யார் கணக்குல பற்று?

அடுத்த வருஷம் ரூட் மாறிடுச்சு. அதிகக் காசு கேட்டா மக்கள் கத்துறாங்க, அதனால இலவசமா கொடுப்போம்னு வந்தாங்க. 2015 ஏப்ரல்ல ஏர்டெல் ஜீரோ. சில ஆப்களுக்கு டேட்டா செலவு உங்களுக்குக் கிடையாது, அந்த ஆப் கம்பெனியே டெலிகாம் கம்பெனிக்குக் கட்டிடும்.

ஒரு ஆடிட்டரா எனக்கு 'இலவசம்'னு கேட்டாலே வர்ற முதல் கேள்வி, இது யாரோட லாப நஷ்டக் கணக்குல உட்காருதுங்கிறதுதான். ஆப் கம்பெனி கட்டுற காசு அவங்க மார்க்கெட்டிங் செலவுல போகும். அதை எங்கிருந்து எடுப்பாங்க? பொருளோட விலையில, இல்லைன்னா விற்பனையாளர்கிட்ட வாங்குற கமிஷன்ல. ஈரோட்டுல சொந்தமா வெப்சைட் வச்சு பெட்ஷீட் விக்கிற ஒருத்தரை நினைச்சுப் பாருங்க. பெரிய ஷாப்பிங் ஆப்பைத் திறந்தா வாடிக்கையாளருக்கு டேட்டா செலவு இல்ல, இவரோட சைட்டைத் திறந்தா செலவு. இவரோட பெட்ஷீட் தரமா இருக்கலாம், விலையும் குறைவா இருக்கலாம். ஆனா கடை வாசல்லயே ஒரு நுழைவுக் கட்டணம் வசூலாகுது, அதுவும் யாரோ வசூல் பண்றாங்க. ஏர்டெல் ஜீரோல சேரப் பேசிக்கிட்டிருந்த ஃபிளிப்கார்ட், எதிர்ப்பு பலமானதும் 2015 ஏப்ரல் 14 அன்னைக்கு விலகிடுச்சு.

ஃபேஸ்புக்கோட இன்டர்நெட்.ஆர்க் திட்டமும் இதே குடும்பம்தான். 2015 பிப்ரவரில ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் கூட சேர்ந்து இந்தியால தொடங்கின மாநிலங்கள்ல தமிழ்நாடும் ஒண்ணு. பின்னால பேரு ஃப்ரீ பேசிக்ஸ் ஆச்சு. குறிப்பிட்ட சில சைட்டுகள் மட்டும் இலவசம். "ஒண்ணுமே இல்லாத ஏழைக்கு இதாவது கிடைக்கட்டுமே"ங்கிற வாதத்தை நான் அலட்சியமா ஒதுக்க மாட்டேன், அதுல நியாயம் இருந்துச்சு. ஆனா நடந்தது என்ன? டிராய் 2016 பிப்ரவரி 8ல, எந்த சைட் பார்க்குறோம்ங்கிறதைப் பொறுத்து டேட்டாவுக்கு வேற வேற விலை வைக்கக் கூடாதுன்னு தடை போட்டுச்சு. அதே செப்டம்பர்ல ஜியோ வந்தது, போட்டியில டேட்டா விலை விழுந்தது. கோடிக்கணக்கான பேரை ஆன்லைனுக்குக் கொண்டு வந்தது சலுகை விலையில கிடைச்ச நாலு சைட் இல்ல, முழு இணையமும் மலிவா கிடைச்சதுதான்.

2024 ஜூலை விலை உயர்வுக்கு அப்புறமும் கணக்கு எப்படின்னா, ஜியோவோட 299 ரூபாய் பிளான்ல 28 நாளைக்குத் தினம் 1.5 ஜி.பி. மொத்தம் 42 ஜி.பி., அதாவது ஒரு ஜி.பி.க்கு ஏழு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. (அந்த 299ல சுமார் 45 ரூபாய் 60 காசு ஜி.எஸ்.டி.ங்கிறது தனிக் கதை.) மேல சொன்ன 4,000 ரூபாயோட இதை ஒப்பிட்டுக்கோங்க.

டிராய் விதியை மீறினா அபராதம் ஒரு நாளைக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். இந்த கம்பெனிகளோட வருமானத்துக்கு முன்னாடி இது டீச் செலவு. அந்த பிளானையே வாபஸ் வாங்கச் சொல்ற அதிகாரம்தான் டிராய்கிட்ட இருக்கிற நிஜமான பல்.

வயர்ல ஒரு நியாயம், டவர்ல ஒரு நியாயம்?

2016 விதி விலையைப் பத்தினது மட்டும்தான். தடுக்கிறது, வேகத்தைக் குறைக்கிறது, ஒருத்தரை மட்டும் முன்னாடி அனுப்புறது, இதெல்லாம் கூடாதுன்னு 2018ல தொலைத்தொடர்புத் துறை லைசென்ஸ் நிபந்தனையிலயே சேர்த்துச்சு. வீட்டு ஃபைபருக்கும் மொபைலுக்கும் சேர்த்து.

இது சாதாரண விஷயம் இல்ல. அமெரிக்கால 2010ல போட்ட முதல் விதில வயர் இணைப்புக்குக் கறாரான நிபந்தனை, மொபைலுக்குத் தளர்வான நிபந்தனைன்னு பிரிச்சாங்க. நம்ம நாட்டுல பிராட்பேண்ட் சந்தாதாரர்கள்ல நூத்துக்கு தொண்ணூறு பேருக்கும் மேல மொபைல்லதான் இருக்காங்க. மொபைலுக்கு மட்டும் ஒரு ஓட்டை விட்டிருந்தா அப்புறம் சட்டம்னு ஒண்ணு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துடலாம். தினசரி டேட்டா தீர்ந்ததும் வேகம் குறையுதே, அது மீறல் கிடையாது. எல்லா சைட்டுக்கும் ஒரே மாதிரிதானே குறையுது. 399 பிளானைவிட 999 பிளான்ல வேகம் அதிகம்னா அதுவும் மீறல் இல்ல. ரீசார்ஜோட ஓ.டி.டி. சந்தா சேர்த்துக் கொடுக்கிறதும் இதுல வராது, ஏன்னா அதைப் பார்க்கிற டேட்டா உங்க பேக்லதான் கழியுது. 2020ல ஏர்டெல், வோடஃபோன் ஐடியா ரெண்டும் அதிகம் கட்டுற வாடிக்கையாளருக்கு நெட்வொர்க்ல முன்னுரிமைன்னு பிளான் போட்டப்போ டிராய் நிறுத்தச் சொல்லிச்சு. அதுகூட வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் பாகுபாடா இல்லையாங்கிற வேற சண்டை.

இப்போ ஏன் பேசணும்?

கதவைத் தட்டுற ஆள் மாறியிருக்கான், அதான். டெலிகாம் கம்பெனிகள் சில வருஷமா கேட்குறது 'நியாயப் பங்கு'. அதிக டிராஃபிக் உண்டாக்குற யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் மாதிரி பெரிய கம்பெனிகள் நெட்வொர்க் செலவுல பங்கு தரணுமாம். அவங்க பக்கமும் ஒரு செலவு நிஜமா இருக்கு. 2022 ஸ்பெக்ட்ரம் ஏலத்துக்கு மட்டும் 1.5 லட்சம் கோடி ரூபாய் ஏலத்தொகை.

ஆனா கணக்கு இடிக்குது. யூடியூப் தானா வந்து உங்க போன்ல கொட்டல. நீங்க பட்டனை அமுக்கினதாலதான் வீடியோ வருது, அந்த டேட்டாவுக்கு நீங்க முன்பணமாவே கட்டிட்டீங்க. அதே ஜி.பி.க்கு இன்னொரு முனையிலயும் பில் போட்டா ஒரே விற்பனைக்கு ரெண்டு இன்வாய்ஸ். ரெண்டாவது இன்வாய்ஸ் சுத்திச் சுத்திக் கடைசில உங்க சந்தா விலையிலதான் வந்து நிக்கும். நெட்வொர்க் செலவு பத்தலைன்னா ரீசார்ஜ் விலையை ஏத்தட்டும். அது கசப்பா இருந்தாலும் கண்ணுக்குத் தெரியுது, பிடிக்கலைன்னா நம்பரை போர்ட் பண்ணிக்கலாம். மறைமுகமா வர்றதை எங்க போர்ட் பண்றது?

தென் கொரியாவைப் பாருங்க. அங்க நெட்வொர்க் கட்டணம் மத்த பெரும்பாலான நாடுகளைவிடப் பத்து மடங்குன்னு சொல்லி, அமேசானோட ட்விட்ச் 2024 பிப்ரவரில கடையைக் கட்டிடுச்சு. அமேசானே தாங்கல. அமெரிக்கால இந்த விதி 2015ல வந்து, 2017ல நீக்கப்பட்டு, 2024ல திரும்ப வந்து, 2025 ஜனவரில கோர்ட்ல விழுந்துச்சு.

நம்ம ஊர்லயும் இது பாராளுமன்றச் சட்டம் கிடையாது. டிராய் ஒழுங்குமுறை ஒண்ணு, லைசென்ஸ் நிபந்தனை ஒண்ணு, அவ்வளவுதான் காவல். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி லைசென்ஸ் முறையே 'அங்கீகாரம்'ங்கிற புது முறைக்கு மாறுது. பழைய நிபந்தனைல ஒரு வரி விடுபட்டாலும் நமக்கு எஸ்.எம்.எஸ். வராது. டிராய் ஆலோசனை அறிக்கை வெளியிடும்போது நீங்களும் கருத்து அனுப்பலாம். 2015ல பத்து லட்சம் பேருக்கு மேல மெயில் அனுப்பினதாலதான் இந்த விதியே வந்துச்சு.

உங்க வீட்டு இணைப்பைச் சோதிக்கணும்னா, சாதாரண ஸ்பீட் டெஸ்ட் ஒண்ணு எடுங்க. அது பெரும்பாலும் பக்கத்துல இருக்கிற சர்வரை வச்சு அளக்கும். அடுத்து ஃபாஸ்ட் டாட் காம்ல எடுங்க. அது நெட்ஃபிளிக்ஸ் சர்வர்ல இருந்து அளக்கும். ஒரு தடவை வித்தியாசம் வந்தா நெரிசலா இருக்கலாம். பல நாள், பல நேரம் எடுத்தும் ரெண்டாவது மட்டும் படுத்தே கிடந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டு ஆபரேட்டர்கிட்ட புகார் பதிவு பண்ணி நம்பர் வாங்குங்க. தீரலைன்னா அதே கம்பெனியோட மேல்முறையீட்டு அதிகாரிகிட்ட போகலாம். தனிநபர் புகாரை டிராய் நேரடியா விசாரிக்காது, அங்க அனுப்பிட்டு காத்திருக்க வேண்டாம்.

ஜி.எஸ்.டி. பதிவு வச்சிருக்கிற தொழில்காரங்களுக்கு ஒரு வார்த்தை: ஆபீஸ் பிராட்பேண்ட் பில்லுல உங்க ஜி.எஸ்.டி. நம்பர் ஏறியிருக்கான்னு இன்னைக்கே பாருங்க. மாசம் 999 ரூபாய் பிளானுக்கு 18 சதவீத வரி வருஷத்துக்கு 2,158 ரூபாய் ஆகும். நம்பர் இல்லாத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது.